திராட்சை காய்க்காத கிரேப்

தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான்: கிரேப். ஆங்கிலத்தில் முதல் எழுத்தை மாற்றிப் போட்டால் ஒன்று திராட்சை, இன்னொன்று சுருக்கம் விழுந்த துணி. நமக்கு அந்த வசதி இல்லை. 2016 மே மாதம் ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும்போது அடிவாரத்தில் ஒரு நர்சரியில் வண்டியை நிறுத்தினோம். கருப்புக் கவரில் முழங்கால் உயரத்துக்கு நின்ற ஒரு குச்சியைக் காட்டி, "கிரேப் மிர்ட்டில்க்கா, எண்பது ரூவா" என்றார் அங்கிருந்த அண்ணன். என்னோடு வந்திருந்த அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முதல் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் கன்னங்குறிச்சியில் எங்கள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. "எங்க மருமவ திராட்சைச் செடி வாங்கியாந்திருக்கா."

நான் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். தொடுக்கலாமா, வாசம் வருமா, சாமிக்கு வைக்கலாமா? மூன்றுக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

அத்தை பிறந்தது பனமரத்துப்பட்டிப் பக்கம். குண்டுமல்லிக் குடும்பம். அவருக்குப் பூ என்றால் விடிவதற்குள் மொட்டாகப் பறித்து, ஈரத்துணி போர்த்தி, வ.உ.சி. மார்க்கெட்டுக்கு முதல் வண்டியில் அனுப்பிவிட்டு, அன்றைய விலையைக் கேட்டுச் சிரிக்கவோ திட்டவோ வேண்டிய ஒரு சரக்கு. வீட்டுத் தோட்டத்திலும் அதே கணக்குதான். செம்பருத்தி தலைக்கு எண்ணெய் காய்ச்ச, அரளி சாமிக்கு, நந்தியாவட்டை கண் எரிச்சலுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. வேலை எதுவும் இல்லாமல் சும்மா பூக்கிற செடியை 'அழகுச் செடி' என்பார். அத்தை வாயில் அந்தச் சொல் 'ஊர்சுற்றி' என்பதுபோல ஒலிக்கும்.

எண்பது ரூபாய் கொடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது கோடை விழா நேரம். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி என்பதால் ஏரிக்கரைச் சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. பூங்காவுக்குள் பூக்களால் என்னென்னவோ செய்து வைத்திருந்தார்கள், இன்றைக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவில் நிற்பது, வண்டி முக்கால் மணி நேரம் நின்ற இடத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஓர் ஓட்டு வீடு. அதன் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு செடி. ஜவுளிக்கடையில் ராணி கலர் என்று ஒரு நிறம் சொல்வார்களே, அந்த நிறத்தில் கிளை நுனியெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூ. காற்றடித்தபோது பள்ளி ஆண்டு விழா மேடையில் கட்டுகிற கிரேப் பேப்பர் தோரணம் மாதிரி மொத்தக் கொத்தும் நடுங்கியது. பெயருக்கே காரணம் அந்தச் சுருக்கம்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஏற்காட்டில் வைத்துப் பார்த்ததுதான் வினையாகப் போயிற்று. மலையில் பூக்கிறது, அப்படியானால் குளிர்ச்சி கேட்கிற செடி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அந்த ஓட்டு வீட்டு வாசலில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை என்பதும், செடி நாள் முழுக்க வெயிலில் நின்றது என்பதும் கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. சேலத்து வெயிலில் பாவம், கருகிவிடும் என்று கிழக்குப் பக்கச் சந்தில், பக்கத்து வீட்டு மாடிச் சுவர் நிழலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டேன். காலையில் இரண்டு மணி நேரம் வெளிச்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். தினமும் தண்ணீர். மாதம் ஒருமுறை கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர், நடுவில் சாணி உரம். பிள்ளைத்தாச்சிக்குப் பண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டேன்.

செடி வளர்ந்தது. அதில் குறை சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் என் தலைக்கு மேலே போய்விட்டது. கரும்பச்சையாகக் கொழுத்த இலை, சாட்டை மாதிரி நீண்ட கிளைகள். பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. தழைச்சத்து ஏற ஏறச் செடிக்குப் பூக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. புண்ணாக்குத் தண்ணீர் தழைச்சத்துதான். நான் ஊற்ற ஊற்ற அது இலையாகத் தள்ளிக்கொண்டே இருந்தது.

போதாததற்கு ஒவ்வொரு மழைக்காலம் முடிந்த கையோடும் இளந்தளிர் எல்லாம் திருநீறு பூசிக்கொண்டு நிற்கும். சாம்பல் நோய். விரலால் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டும், அடியில் தளிர் சுருண்டு கிடக்கும். மற்றப் பூஞ்சைகள் பலவற்றுக்கு இலை மேல் தண்ணீர் நிற்க வேண்டும். இதற்கு அதுகூட வேண்டாம். ஈரக்காற்றும் நிழலும் குளிர்ந்த ராத்திரியும் போதும். என் சந்து அதற்கென்றே கட்டிவிட்ட வீடு மாதிரி இருந்தது. புளித்த மோரை நீர்க்கவிட்டுத் தெளித்தேன், கொஞ்சம் கேட்டது. அப்புறம் உரக்கடையில் நனையும் கந்தகத் தூள் வாங்கி லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடித்தேன். நல்ல மருந்துதான். ஆனால் சித்திரை மாதம் பகல் பதினோரு மணிக்கு அடித்தது என் புத்தி. வெயில் நேரத்தில் கந்தகம் இலையைச் சுடும். மறுநாள் பார்த்தால் ஓரமெல்லாம் தோசைக்கல்லில் பட்டது போலப் பழுப்பேறிக் கிடந்தது.

"திராட்சைக்கு இந்த ஊரு ஆவாது கண்ணு" என்றார் அத்தை, உண்மையான வருத்தத்தோடு.

2019 ஜனவரியில் அந்தச் சந்தில் சிமெண்ட் தளம் போட வேண்டி வந்தது. கொத்தனார் வந்து, செடியை எடுத்துவிடுங்கள், நாளைக்கு வேலை என்றார். இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அதை வெட்டி எறிய மனசு வரவில்லை, பாராட்ட வேண்டிய விஷயம். மண்ணோடு பெயர்த்து முன்வாசல் கேட் பக்கத்தில் நடலாம் என்று கடப்பாறையைத் தூக்கினார். அங்கே காலை பத்து மணிக்கு விழுகிற வெயில் பொழுது சாய்கிற வரை நகராது. நான் குறுக்கே நின்றேன். அந்த வெயிலில் செத்துவிடும் என்றேன். அப்போதுதான் அத்தை அரிவாளோடு வந்தார்.

மூன்று வருடம் நான் நகம் படாமல் வளர்த்த செடி. அவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு இடுப்புயரத்துக்கு மேலே இருந்ததையெல்லாம் ஏழெட்டு வீச்சில் இறக்கிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன் அத்தை?"

"வேரு பாதி போச்சு. தலை மட்டும் முழுசா நின்னா அதுக்குத் தண்ணி யாரு கொடுக்கறது?" அரிவாளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "அதும் போக, எத்தன வருசமா வெட்டாம வச்சிருக்க? மல்லிக்குக் கார்த்திகை வந்தா முழங்காலுக்கு ஒட்ட வெட்டிப்போடுவோம். வெட்டாத செடி இலைதான் தள்ளும். புதுக் கொழுந்துலதான் கண்ணு பூவு."

கவாத்து. இந்தச் சொல்லை நான் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். நவம்பர் கடைசி வாரத்தில் குண்டுமல்லியைத் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்ட வேண்டும் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதைத்தான் அத்தை முழங்காலை வைத்து அளந்து சொல்கிறார். மல்லிக்கும் கிரேப் மிர்ட்டிலுக்கும் உறவு எதுவும் கிடையாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒரே ஜாதி. அந்தப் பருவத்தில் கிளம்புகிற புதுக்கிளையின் நுனியில்தான் பூ. பழைய கிளையைப் பத்திரப்படுத்தி ஒரு பயனும் இல்லை.

சரி, நட்டோம். ஒரு மாதம் வெறும் குச்சியாக நின்றது. போய்விட்டது என்றே நினைத்தேன். சிவராத்திரி வாக்கில் கணுவெல்லாம் செம்பு நிறத்தில் தளிர் முட்டியது. ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் தண்ணீர் ஊற்றப் போனபோது கிளை நுனியில் பட்டாணி அளவில் உருண்டை உருண்டையாக ஏதோ கொத்தாக இருந்தது. மொட்டு! பார்த்தால் சின்னத் திராட்சைக் குலை மாதிரியே இருக்கும். அத்தை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். முகத்தில் அவ்வளவு பெருமை. "நாந்தான் சொன்னேனே."

இரண்டு நாளில் மொட்டு வெடித்தது. இந்த வெடிப்பை உட்கார்ந்து பார்க்க வேண்டும். மொட்டின் மேல் மெல்லிய வரம்புகள் ஓடும், அந்த வழியே பிளந்து ஆறு பச்சை இதழாக மல்லாக்கத் திறக்கும். உள்ளே ஆறு பூவிதழ்கள், இஸ்திரி போடாத கைக்குட்டையை உருட்டித் திணித்தது போல. அவை நேராக நிமிர்வதே இல்லை. கசங்கியபடியேதான் வெளியே வரும், கசங்கியபடியேதான் நிற்கும். ஒவ்வோர் இதழுக்கும் நூல் போல ஒரு காம்பு, அதன் நுனியில்தான் அந்தக் கொசுவம். நடுவில் மஞ்சள் தலையோடு குட்டைக் கேசரங்கள், அதாவது மகரந்தம் தாங்குகிற இழைகள், ஒரு பிடி. அதைச் சுற்றி நீளமாக, உள்பக்கம் வளைந்து, ஆறே ஆறு கேசரங்கள் தனியாக. இந்தப் பூவில் தேன் கிடையாது. வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டும். நடுவில் இருக்கிற மஞ்சளைத் தின்ன வண்டு குனிந்ததும் சுற்றி நிற்கும் ஆறும் அதன் முதுகில் தங்கள் பொடியைத் தேய்த்துவிடும். காய் பிடிப்பதற்கான பொடி அதுதான். அத்தையிடம் இதைக் காட்டியபோது, "சாப்பாடு போட்டு வேலை வாங்குது" என்றார்.

பிறகு ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். வாழைநாரை எடுத்து ஒரு கண்ணி கட்டினார். இதழெல்லாம் கையோடு வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் மிச்சமிருந்ததும் துவண்டு போயிற்று. அன்றுதான் அவருக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. இரண்டு நாள் என்னோடு அளவாகத்தான் பேசினார்.

ஆனால் தெருவில் அந்தப் பூவுக்குப் பேர் கிடைத்துவிட்டது. போகிற வருகிறவர்கள் நின்றார்கள். பூமருது கன்று போல இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். நெருங்கிய சொந்தம்தான். பூமருது அடர்ந்த ஊதாப் பூவோடு பெரிய மரமாக வளர்கிற அண்ணன். மகாராஷ்டிராவின் மாநிலப் பூவே அது. மேற்கு மலைத்தொடர்க் காட்டில் வளர்கிற வெண்தேக்கும் இதே பேரினம். குடும்பம் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை: மருதாணியும் மாதுளையும் இதற்குப் பங்காளிகள். மாதுளம்பூவை நினைத்துப் பாருங்கள், அதன் இதழும் கசங்கித்தானே இருக்கும்? உண்மையான மிர்ட்டில் குடும்பம் வேறு, நம் நாவலும் கொய்யாவும் சேர்ந்தது. ஆக, பெயரின் இரண்டாவது பாதியும் பொய்.

லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா என்கிற அறிவியல் பெயரிலும் பாதிதான் சரி. லின்னேயஸ் 1759இல் வைத்த பெயர். ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்துகொண்டு அவருக்குக் கீழை நாட்டுச் செடிகளை அனுப்பி உதவிய லாகர்ஸ்ட்ரோம் என்ற நண்பரின் நினைவாக முதல் பாதி. இரண்டாவது பாதியில் இந்தியா இருந்தாலும், நூற்றாண்டுக் கணக்கில் இதைத் தோட்டத்தில் வைத்துக் கொண்டாடியவர்கள் சீனர்கள். அவர்கள் இதை நூறு நாள் சிவப்பு என்பார்கள். அரிப்பு மரம் என்று இன்னொரு பெயரும் உண்டு, வழவழப்பான அடிமரத்தை நகத்தால் சொறிந்தால் நுனிக்கிளை கூச்சத்தில் நடுங்குமாம். எங்கள் தெருப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னது நான் செய்த தப்பு. இப்போதும் பள்ளி விட்டு வருகிறபோது நாலு பேர் கேட்டுக்குள் கையை விட்டுச் சொறிந்துவிட்டுத்தான் போகிறார்கள். தமிழில் பவளக்குறிஞ்சி என்று புத்தகங்களில் இருக்கிறது. அழகான பெயர். அந்தப் பெயரைச் சொல்லி எந்த நர்சரியிலும் என்னால் செடி வாங்க முடிந்ததில்லை.

கொய்யா மரத்துப் பட்டை போலவே இதன் பட்டையும் உரிந்து உரிந்து வழவழவென்று ஆகும். ஜப்பான்காரர்கள் வைத்த பெயர் 'சருசுபேரி', குரங்கு வழுக்கி என்று பொருள். ஏற்காட்டுக் குரங்குகளுக்கு ஜப்பானியம் தெரியாது போல.

இது என் தம்பி வீட்டுக் கதை. அவன் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். 2020 பொங்கலுக்கு வந்தவன், வெட்டிப்போட்ட குச்சிகளில் நாலைக் கொண்டுபோனான். அங்கே வேலியோரம் சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் நட்டான். அக்காள் செய்த தப்பைத் தம்பி செய்யாமல் இருப்பானா? எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் இருப்பது சுமார் 300 மீட்டர் உயரத்தில், அவன் 1,500க்கு ஒட்டி. காலை பத்து மணி வரை மூடுபனி, ராத்திரிக் குளிர், மேலே நிழல். செடி வருடத்தில் பாதி நாள் திருநீறோடுதான் நின்றது. திட்டித் திட்டி இரண்டு செடியை முன்பக்க மேட்டுக்கு மாற்ற வைத்தேன். தெற்குப் பார்த்த சரிவு, தடுப்பு எதுவும் இல்லை. அப்புறம் பூத்தது. கன்னங்குறிச்சிச் செடி ஏப்ரலில் பூத்தால் அவனுடையது ஜூன் ஆகும். கொத்தும் கொஞ்சம் சின்னது. ஆனால் ஒரு விஷயத்தில் அவன் ஜெயித்துவிட்டான். டிசம்பரில் அவன் செடியின் இலை உதிர்வதற்கு முன்னால் ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். எங்கள் வீட்டில் மஞ்சளாகி, சோம்பேறித்தனமாக ஒவ்வொன்றாக விழும். குளிர் இருந்தால்தான் அந்த நிறம். ஒருநாள் குரங்குக் கூட்டம் ஒன்று மொத்தமாக அதன் மேல் ஏறியது. வழுக்கவெல்லாம் இல்லை. பாதிச் செடியை முறித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. தம்பி போனில் புலம்பினான். மார்ச் மாதம்தானே, கவாத்து பண்ணிட்டுப் போயிருக்கு, விடு என்றேன்.

சாம்பல் நோய்க்கு வழி தேடியபோதுதான் அமெரிக்காவில் இந்தச் செடிக்காக ஒருவர் வாழ்நாளையே கொடுத்த கதை கிடைத்தது. ஜப்பானின் யாகுஷிமா தீவில் இதன் இன்னோர் இனம் காட்டில் வளர்கிறது, சாம்பல் நோய் அதை அவ்வளவாக அண்டாது. 1956இல் ஜான் க்ரீச் என்ற தாவரவியலாளர் அங்கிருந்து அதைச் சேகரித்து வந்தார். வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில் டொனால்ட் எகோல்ஃப் அதை நம் செடியோடு கலந்து கலந்து வரிசையாகப் புது ரகங்களை எடுத்தார். அவற்றுக்கு அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயர்களை வைத்தார். 1978இல் வந்த வெள்ளைப் பூ நாட்செஸ் இன்றும் பேர்போனது. நம் அடிவாரத்து நர்சரிகளில் ரகப் பெயர் கேட்டால் சிரிப்பார்கள். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் செடிக்கு அங்கே மூன்று வகைதான்: ரோஸ், வெள்ளை, குட்டை. ஆகவே நமக்கு ரகம் காப்பாற்றாது, வெயில்தான் காப்பாற்ற வேண்டும். ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாத இடம் என்றால் இந்தச் செடியை வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

இனி என் இரண்டாவது முட்டாள்தனம். ஒருமுறை வெட்டிப் பூத்ததைப் பார்த்ததும் எனக்குக் கத்திரி மேல் வெறி பிடித்துவிட்டது. 2020, 2021 இரண்டு ஜனவரியிலும் அதே இடுப்புயரத்தில், அதே இடத்தில், மொட்டையாக வெட்டினேன். வெட்டிய இடமெல்லாம் முழங்கை மாதிரி முண்டு கட்டிவிட்டது. ஒவ்வொரு முண்டிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு மெலிந்த சாட்டைகள். நுனியில் பூக்கொத்து தலைபெருத்து வந்தது. மே மாதம் ஒருநாள் சாயங்காலம் கோடைமழை, சேலத்தில் அடிக்குமே, முதலில் புழுதி, அப்புறம் இடி, அரை மணி நேரத்தில் தெருவெல்லாம் ஆறு. பூவெல்லாம் தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போய்க் கிளைகள் பிளந்துகொண்டு தரையில் கிடந்தன. மல்லி புதர், அதற்கு முழங்கால் உயரம் சரி. இது வளரவிட்டால் சின்ன மரமாகிற ஜாதி. அத்தையின் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டது என் தப்பு. அவர்கூட மாற்றி நட்ட அந்த ஒரு வருடத்துக்குத்தான் அப்படி வெட்டினார்.

இப்போது செய்வது இதுதான். அடியிலிருந்து வரும் தண்டுகளில் நல்லதாக நாலை நிறுத்திக்கொண்டேன். அவற்றைத் தொடுவதில்லை. மார்கழி கடைசியில், இலை பெரும்பாலும் உதிர்ந்த பிறகு, உள்பக்கம் ஓடுகிற கிளை, ஒன்றோடொன்று உரசுகிற கிளை, பென்சிலைவிட மெலிந்த குச்சி, வேரடியில் கிளம்புகிற கன்றுகள் எல்லாம் போகும். முண்டுகளை இரண்டு வருடத்தில் மெல்ல மெல்ல அறுத்து எடுத்தேன். புண்ணாக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. பிப்ரவரியில் இரண்டு கூடை மட்கிய தொழுவுரம், வருடம் முழுவதற்கும் அவ்வளவுதான். கோடையில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர், அதுவும் வேரில் மட்டும்.

தண்ணீர் என்றதும் ஒன்று. எங்கள் போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படலம் விடுகிற உப்புத் தண்ணீர். கருப்பூரில் இருக்கிற சித்தி மகள் வீட்டில் இன்னும் மோசம். அங்கே பக்கத்திலேயே சாக் ஹில்ஸ், பெயர் சுண்ணாம்பு மலை என்று வந்தாலும் வெட்டி எடுப்பது மேக்னசைட். அவள் வீட்டுச் செடியில் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் எலுமிச்சை மஞ்சளாக இலை வந்தது. காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடை அன்னபேதி, அதுதான் ஃபெரஸ் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம் கலந்து சாயங்கால நேரத்தில் இலையில் தெளிக்கச் சொன்னேன். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. புதுத்தளிர் பச்சையாக வந்தது.

அசுவினி எல்லா வருடமும் வரும். இலைக்கு அடியில் பச்சைப் புள்ளிகளாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் போல ஒன்றைச் சொட்டும். அதைத் தேடி எறும்பு, அதன் மேல் கரிப்பொடி மாதிரி பூஞ்சை. இவர் தன் பைக்கைச் செடிக்கு அடியில் நிறுத்திவிட்டு மறுநாள் பிசுபிசுத்த சீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் போன கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. ஹோஸ் பைப்பால் வேகமாக அடித்தாலே பாதி போய்விடும், மிச்சத்தைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த வேலை மே கடைசியில் வரும். முதல் கொத்து உதிர்ந்ததும் காய் பிடிக்க ஆரம்பிக்கும். அச்சு அசல் சுண்டைக்காய்க் கொத்து. விட்டுவிட்டால் செடி அதோடு பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். காய் முற்றி, காய்ந்து, ஆறாக வெடித்து இறக்கை வைத்த விதையைக் காற்றில் விடுவதுதான் அதன் குறி. பூ முடிந்த கொத்தை அதற்குக் கீழே இரண்டு இலையோடு சேர்த்து வெட்டினால் ஒன்றரை மாதத்தில் மறுபடி பூ. மல்லியாக இருந்தால் பறிக்கிற கையே இந்த வேலையைச் செய்துவிடும். இதைப் பறிக்க யாரும் இல்லை என்பதால் கத்திரி எடுக்க வேண்டியிருக்கிறது. முதல்முறை வெட்டிய சுண்டைக்காய்களை முறத்தில் குவித்தபோது எதிர் வீட்டு அக்கா வந்து, "திராட்சைன்னீங்க, இப்ப சுண்டக்காயா காய்ச்சிருக்கு?" என்று கேட்டார். அத்தை பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

அத்தைக்கு இப்போது எழுபத்தெட்டு. அரிவாள் பிடிக்கக் கை நடுங்குகிறது. ஆனாலும் காலையில் வாசல் தெளிப்பது அவர்தான். பூக்கிற மாதங்களில் ராத்திரியெல்லாம் இதழ் கொட்டிக் கோலம் போட இடம் இருக்காது. "கூட்டி முடிக்கறதுக்குள்ள இன்னொரு மொறம் கொட்டிருது, சனியன்" என்று தினமும் திட்டுவார். ஆனால் ஒருநாளும் அவர் அதை மொத்தமாகக் கூட்டித் தள்ளி நான் பார்த்ததில்லை. கோலத்துக்கு வேண்டிய அளவு சதுரம் மட்டும் பெருக்குவார். சுற்றிலும் ராணி கலர் அப்படியே கிடக்கும்.

இந்த ஜனவரியில் கவாத்துக்கு அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். நான் வெட்ட, அவர் சொல்ல. "அந்தக் கொம்பு. அது இல்ல, அதுக்கு உள்ள. கண்ணு பார்த்து வெட்டு. வெளிய பார்த்த கண்ணுக்கு மேல." வெட்டியதில் பென்சில் பருமன் குச்சிகளைப் பொறுக்கி ஒரு ஜாண் நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்தேன். அவர் மடியில் வைத்துக்கொண்டு தலை எது, கால் எது என்று பார்த்து அடுக்கினார். செம்மண்ணும் மணலும் பாதிப் பாதி, கருப்புக் கவரில் பாதிக் குச்சி மண்ணுக்குள். மூன்று வாரத்தில் தளிர் வரும். அதை நம்பி வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கக்கூடாது. இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். இருபது போட்டோம், பதின்மூன்று பிழைத்தது.

அதில் ஒன்றை எதிர் வீட்டுப் பேரன் வந்து கேட்டான். ஒன்றாம் வகுப்பு. இரண்டு கையாலும் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"பாட்டி, இதுல எப்ப திராட்சை வரும்?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார்.

"வரும் சாமி. நல்லா வெயில் படற எடத்துல வையி."